தொட்டு எடுத்த படம்

வயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தோல்மேல் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்குக் கோடு வேண்டும். எலும்பைத் தொட்டுத் தேடுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. இதைச் சொன்னதற்காகத்தான் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்காற்று ஜன்னல் வழியே வந்து போகிற ஒரு தரும ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் வக்கீல் நோட்டீஸ் வரும். என் பெயர் சந்திரம்மா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணமை சேரி என் ஊர். எங்கள் வீட்டில் மாதா படமும் உண்டு, மாரியாத்தாவுக்குக் கூழும் உண்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், கணக்கு நன்றாக வந்தது, கன்னிகாஸ்திரீ ஒருவர் சிபாரிசு செய்தார், சேர்த்துக்கொண்டார்கள்.

பாடம் சுலபம்தான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறோமே, அப்போது கை எந்த எலும்பின்மேல் உட்காருகிறதோ அதுதான் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. எங்கள் தெருப் பெண்களுக்கு அந்த இடம் படிக்காமலே தெரியும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்த மட்டத்துக்குப் பிலிமின் நடு வரும்படி வைத்தால் வயிறு முழுவதும் படத்தில் விழும். மேலே ஈரல், பக்கங்களில் சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து முதுகெலும்பு ஓரமாகவே இறங்கி மூத்திரப் பைக்குப் போகும் இரண்டு குழாய்கள். குழாய்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் மிகவும் கீழே, அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் பிலிமின் கீழ் ஓரம் அந்த எலும்பைத் தாண்டி இருக்கவேண்டும்.

அந்த எலும்பை நேராகத் தொடவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் தொடையின் பக்கத்தில் ஒரு முண்டு பாயில் அழுத்தும் பாருங்கள், அது அதே மட்டத்தில் இருக்கிறது. மானமாக, பக்கவாட்டில் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். என்னோடு படித்த சடையப்பனும் சாலமோனும் ஒருவன் இடுப்பை ஒருவன் தடவிப் படித்தார்கள். எனக்கு ஜோடி கிடையாது. இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டே என் உடம்பை நானே தொட்டுத் தொட்டுப் படித்தேன்.

ஆனால் எங்கள் டிபார்ட்மெண்டில் வேறொரு வழக்கம் இருந்தது. தலைமை டெக்னீஷியன் தர்மராஜ் பெண் நோயாளிகளைத் தொடமாட்டார். ஆம்பிளை தொட்டால் புருஷன்காரன் அடிக்க வருவான் என்று பயம். அது நியாயமான பயம்தான், ஒருதரம் வாங்கியும் இருக்கிறார். அதனால் அவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். புடவையில் கொசுவம் செருகியிருக்கும் இடம்தான் நடு, அதைக் கண்ணால் பார்த்துப் பிலிமை வை, பித்தானை அமுக்கு. அப்படியானால் பெண் நோயாளிகளை நான் தொடலாமே என்று கேட்டேன். ஏழைப்பட்டவர்கள் வந்தால் தொடு என்றார். மற்றவர்கள் வந்தால் நான் இருட்டறைக்குள் போய்விட வேண்டும். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டில்லியிலிருந்து செங்கல்பட்டுக்கு வர அதற்கு ரயில் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

யானையைத் தடவிப் பார்த்த குருடர்களைப் பற்றிச் சிரிக்கிறோம். அவர்களாவது தொட்டார்கள்.

ருக்மிணியம்மாளை ஒரு காலையில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். முப்பது வயது இருக்கும். மாமல்லபுரத்துக்கு அந்தண்டை கடலோரத்தில் ஒரு சின்னப் பெருமாள் கோயில், அங்கே மடப்பள்ளியில் தளிகை செய்கிற உப்பிலி என்பவரின் மனைவி. வலப்பக்க அடிவயிற்றில் வலி. வலி வரும்போது முழங்காலை மடக்கி மடக்கி நீட்டினாள், வாந்தி எடுத்தாள். தர்மராஜ் என்னைப் பார்த்துக் கண்ணால் இருட்டறையைக் காட்டினார். போனேன்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த அம்மாள் கட்டியிருந்தது மடிசார். அதில் ஆறு கெஜத்துப் புடவை போல முன்னால் கொசுவம் தொங்காது, கட்டு ஏறி இறுகி இருக்கும். தர்மராஜ் தேடினார், தேடினார், இடுப்பில் முடிச்சு தடித்துத் தெரிந்த இடத்தை நடு என்று வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கவுனைப் போட்டுக்கொள்ளவும் உப்பிலி சம்மதிக்கவில்லை. யார் யாரோ உடுத்தின துணி என்றார்.

படத்தை நான்தான் கழுவினேன். சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தபோதே தப்பு தெரிந்துவிட்டது. மேலே விலாவும் நெஞ்சும் தாராளமாக விழுந்திருந்தன. கீழே இடுப்புக் குழியின் பாதியோடு படம் முடிந்துவிட்டது. வீட்டைப் படம் எடுக்கப் போனவன் கூரையையும் ஆகாயத்தையும் எடுத்துக்கொண்டு வந்தது போல இருந்தது.

சர்ஜன் அப்பாசாமிக்கு அன்று காலையில் மூன்று ஆபரேஷன். நடுவில் ஓடிவந்து ஈரப் படத்தை விளக்கில் பார்த்தார். "மூத்திரக் கல்லு இல்லை. அப்பெண்டிக்ஸ்தான். நாளைக்குக் காலையில முதல் கேஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓடிவிட்டார்.

நான் தர்மராஜிடம் போனேன். "சார், கீழ வெட்டிக்கிது. கொழா முடியற எடமே வரல. கல்லு அங்க இருந்தா எப்டி தெரியும்?"

"டாக்டரே பாத்துட்டாரு, உனுக்கு இன்னாம்மே?"

"வயித்த கீறப் போறாங்க சார்."

"கேளு. நான் பொம்பளய தொட முடியாது. நீ அவங்கள தொடக் கூடாது. அப்பால யாரு தொடுவா? இருக்கற வேலய பாரு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் என்னை எரியவைத்தது. ஆண் என்று ஒருவர் தொடக்கூடாது, சேரி என்று ஒருத்தி தொடக்கூடாது. இரண்டு மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அந்த அம்மாளின் வயிறு. நாளைக்குக் கத்தி தப்பான இடத்தில் இறங்கும். நல்ல குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்து அனுப்புவார்கள். கல் இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும், வலியும் இருக்கும்.

படத்தை எடுத்துக்கொண்டு சர்ஜனின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"மடிசார் கேஸ் படம் சார்."

"பார்த்தாச்சே. கல்லு இல்லையே."

"கல்லு இருக்கவேண்டிய எடமே படத்துல இல்ல சார்."

அவர் கையைத் துடைக்காமலே வந்து படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் படத்தின்மேல் சொட்டியது. "திரும்ப எடுங்க" என்றார். "ஆனா வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். தகராறுன்னு என்கிட்ட வரக்கூடாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. தர்மராஜ் தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் ஒரு வழி சொன்னார்.

"சந்திரம்மானா தெலுங்குக்காரங்க பேரு மாரியும் கீது. நாயுடு பொண்ணுனு சொல்லிடு. அவரு ஒத்துக்குவாரு. வேல முடிஞ்சிரும். யாருக்கும் நஷ்டமில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே நேரத்தில், அங்கே ஒருத்தி துடிக்கிறாள், நீ இங்கே நின்று கௌரவம் பார்க்கிறாயா என்று எனக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு பொய் சொன்னால் ஒரு வயிறு தப்பும். மலிவான பேரம். வார்டிலிருந்து ருக்மிணியம்மாள் முனகுவது நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இன்றைக்கு ஒருநாள் வேலை அல்ல. இன்றைக்கு நாயுடுப் பெண்ணாகத் தொட்டால் நாளைக்கும் நாயுடுப் பெண்ணாகத்தான் தொடவேண்டும். எனக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து ஒருத்தி படிக்க வந்தால் அவளும் ஒரு பொய்ப் பெயரோடு வரவேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உடம்பு அந்த அம்மாளுடையது. ஏமாற்றித் தொட்டால் அது திருட்டு. பொய்யும் சொல்லமாட்டேன், சும்மாவும் விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். இரண்டையும் எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

வராந்தாவில் உப்பிலி தூணோடு தூணாக நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், கண் சிவந்திருந்தது. தர்மராஜ் அவரிடம் இன்னொரு படம் எடுக்கவேண்டும், இந்தப் பெண் எடுப்பாள் என்றார்.

"நீ யாராத்துப் பொண்ணும்மா?" என்று உப்பிலி கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்.

"நாயுடு பொண்ணு சாமி" என்றார் தர்மராஜ் என் பின்னாலிருந்து.

"இல்லீங்க. நான் மணமை சேரி" என்றேன்.

உப்பிலி பின்னுக்கு நகர்ந்தார். தூண் இருந்ததால் நின்றார். தர்மராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேற யாரும் இல்லையா?"

"பொம்பளைங்க வேற யாரும் இல்லீங்க. தொடாம எடுத்த படம்தான் காலைல எடுத்தது. அது பாதிதான் வந்துகீது."

"நான் பெருமாளுக்குத் தளிகை பண்றவன்மா. விஷயம் தெரிஞ்சா என்னை மடப்பள்ளி வாசப்படி மிதிக்க விடமாட்டா. நான் வேற என்ன வேலை கத்துண்டேன், சொல்லு." அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வேண்டாம். நாளைக்கு ஆபரேஷனே பண்ணட்டும்."

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தை விடக் கோபம் அதிகமாக வந்தது. கத்தி இறங்கப்போவது இவர் வயிற்றிலா? இவ்வளவு பேர் இவ்வளவு நேரமாகப் பேசுகிறோம், நோயாளியிடம் ஒரு வார்த்தை யாராவது கேட்டோமா? நான் உட்பட யாரும் கேட்கவில்லை. அது உறைத்ததும் விடுவிடுவென்று வார்டுக்குள் போனேன்.

"உள்ள போனா, உன் படிப்பு சர்டிபிகேட்ல நான் கையெழுத்து போடமாட்டேன்" என்று தர்மராஜ் கத்தினார். "போடாதீங்க" என்று நானும் கத்தினேன்.

ருக்மிணியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்றேன். பயத்தால் இல்லை. கேட்காமல் கிட்டே போகக்கூடாது என்று நின்றேன்.

"அம்மா, நான் எக்ஸ்ரே படிக்கிற பொண்ணு. காலைல எடுத்த படத்துல ஒங்க வயிறு பாதிதான் வந்துகீது. நாளைக்கி குடல்வால அறுக்கப் போறாங்க. நோவு அங்க இல்லாமகூட இருக்கலாம். கல்லு கீழ இருந்தா அந்தப் படத்துல தெரியாது. சரியா எடுக்கணும்னா இடுப்பெலும்பயும் தொடப் பக்கத்தயும் நான் தொட்டுப் பாக்கணும். கட்டியிருக்கிற பொடவயையும் அவுத்துட்டு ஆஸ்பத்திரித் துணி போட்டுக்கணும். நான் மணமை சேரி. பேரு சந்திரம்மா. ஒங்க வூட்டுக்காரரு வேணாங்கறாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். முகம் வேர்த்து, நெற்றிக் குங்குமம் கலைந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் ஒரு வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அது போகும்வரை இருந்தாள்.

"காலம்பறலேர்ந்து எத்தனை பேர் வந்துட்டா" என்றாள் பிறகு. "ஒருத்தர்கூட என்னண்ட கேக்கலை. நீதான் கேக்கறே."

"சொல்லுங்கம்மா."

"நீ தொட்டா சரியா வருமா?"

"வரும். சரியா வரலன்னா நான் இந்த வேலயே செய்யமாட்டேன்."

"ருக்மிணி!" உப்பிலி வார்டு வாசலில் நின்றிருந்தார். "யோசிச்சுப் பேசு. மடப்பள்ளி—"

"மடப்பள்ளிக்கு நீங்கோ போறேள்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "வயிறு என்னுது." பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "எழுப்பி விடுடி. என்னால தனியா எழுந்துக்க முடியலை."

எழுப்பினேன். என் தோளில் பாரத்தைப் போட்டுக்கொண்டுதான் எக்ஸ்ரே அறைவரை நடந்தாள். தர்மராஜ் ஒதுங்கி வழிவிட்டார். தடுப்புத் துணிக்குப் பின்னால் ஒன்பது கெஜத்தையும் அவிழ்த்து மடித்து வைத்தேன். கவுனைப் போட்டுவிட்டேன். மல்லாக்கப் படுக்கவைத்து, கைகளை ஓரமாக வைத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்தேன்.

"இப்ப இடுப்ப தொடறேன்மா" என்றேன். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் தொட்டேன். விளிம்பு கிடைத்தது. அந்த மட்டத்துக்கு நடுவை வைத்தேன். பிறகு தொடையின் பக்கத்தில் அந்த முண்டு. பிலிமின் கீழ் ஓரம் அதற்கும் இரண்டு விரல் கீழே போகிறதா என்று பார்த்தேன், போனது. காலையில் வைத்த இடத்துக்கும் இதற்கும் நாலு விரல் வித்தியாசம். ஒரு பெண்ணை வீணாக அறுப்பதற்கு நாலு விரல் போதும்.

"மூச்ச நல்லா வெளிய விடுங்க. விட்டுட்டு அப்டியே அடக்கிக்குங்க."

அடக்கினாள். பித்தானை அமுக்கினேன்.

இருட்டறையில் அந்தப் படம் மருந்துத் தண்ணீருக்குள் உருவாகி வந்தபோது கிடைத்த பரவசத்தை எந்தச் சினிமாவும் எனக்குத் தந்ததில்லை. வலப்பக்கம், இடுப்புக் குழியின் அடியில், மூத்திரப் பைக்குச் சற்று மேலே, உளுத்தம்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் என்று சொன்னால் பாதி பொய். நான் சொன்னது சரி என்று காட்ட ஒரு கல் வேண்டியிருந்ததே என்ற ஆத்திரமும் அதில் இருந்தது.

அப்பாசாமி படத்தைப் பார்த்தார். மறுநாள் ஆபரேஷனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "கல்லு சின்னதுதான், கிட்டத்தட்ட கீழேயே வந்தாச்சு. கத்தி வேண்டாம். வலிக்கு ஊசி போடலாம். தண்ணி நிறையக் குடிக்கட்டும், தானாப் போயிடும்" என்றார். அன்றிலிருந்து பெண் நோயாளிகள் யார் வந்தாலும் சீட்டைத் தர்மராஜிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

சில நாட்களில் கல் போய்விட்டது. மீதி எதுவும் இல்லையே என்று பார்க்க இன்னொரு படம் எடுத்தேன். சுத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள்.

ருக்மிணியம்மாள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது உப்பிலி என்னிடம் வந்தார். கும்பிட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நீ பண்ணின உபகாரத்தை ஏழேழு ஜன்மத்துக்கும் மறக்கமாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க மடப்பள்ளியில மூத்தவர் வேதாந்தம் ஸ்வாமி அழைச்சுண்டு போக வந்திருக்கார். ஊர்ல ஏதோ பேச்சு கிளம்பியிருக்கு. கேட்டார்னா நாயுடுப் பொண்ணுன்னு சொல்லப்போறேன். நீ மறுத்துப் பேசாதே. அது ஒண்ணு பண்ணினா போறும்."

"நீங்க இன்னா வேணா சொல்லிக்கங்க" என்றேன். "என்னைக் கேட்டா நான் உண்மையத்தான் சொல்லுவேன்."

"என் ஜீவனம் போயிடும்மா."

"என் பேரு போயிடும் சாமி. எனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

அவர் கெஞ்சுகிற கண்ணோடு நின்றார். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வேதாந்தம் வராந்தா பெஞ்சின் ஓரத்தில், எதிலும் படாமல் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய திருமண். ருக்மிணியம்மாள் வெளியே வந்ததும் எழுந்தார். குசலம் விசாரித்தார். பிறகு என் பக்கமும் தர்மராஜ் பக்கமும் பார்த்துவிட்டு, உப்பிலியிடம் திரும்பினார்.

"ஆமா, படம் பிடிச்சது யாரு?"

உப்பிலி வாயைத் திறந்தார். "அது... ஒரு நாயுடு—"

"இவதான்" என்றாள் ருக்மிணியம்மாள். "பேர் சந்திரம்மா. மணமை சேரி. என் இடுப்பைத் தொட்டு, தொடையைத் தொட்டு எடுத்தா. தோளைப் பிடிச்சுண்டுதான் நடந்தேன். ஆஸ்பத்திரித் துணிதான் கட்டிண்டேன். இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உப்பிலி தரையைப் பார்த்தார். வேதாந்தம் மெதுவாக மூச்சுவிட்டார்.

"அப்படின்னா பிராயச்சித்தம் பண்ணணும்" என்றார்.

"பண்ணட்டும்" என்றாள் அவள். "தொடமாட்டேன்னு ஒருத்தர், தொடக்கூடாதுன்னு ஒருத்தர், ரெண்டு பேருமாச் சேர்ந்து என் வயித்தைக் கிழிக்க நாள் பார்த்தாளே, அவா பண்ணட்டும். நான் எதுக்குப் பண்ணணும்?"

தர்மராஜ் உள்ளே போய்விட்டார். உப்பிலி துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டார். ருக்மிணியம்மாள் என்னிடம் வந்து, எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

உப்பிலியை மடப்பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்யாண வீடுகளுக்குச் சமையல் செய்யப் போய்க்கொண்டிருந்தாராம். மனைவி பிராயச்சித்தம் செய்துகொண்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக இரண்டு முறை ஆள் அனுப்பினார்களாம். ருக்மிணியம்மாள் கடைசிவரை செய்துகொள்ளவில்லை.